மெர்சி தார்ன்பியைத் தத்துக் கொடுத்த கதை

தப்பு செய்தவனை உலகம் மன்னித்துவிடும். பரீட்சையில் காப்பியடித்தவன், கடையைத் திவாலாக்கியவன், பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனவன் எல்லோரும் பத்து வருஷம் கழித்து மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருப்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்தவர் செய்த தப்பைத் திருத்தினவன் கதி என்ன? சாகிற வரைக்கும் கேலிதான். நான் திருத்தினவன். அதனால் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கோபம் உண்டு. (கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு. டாக்டர் எனக்கு ரத்த அழுத்தம் பார்க்கிற நாளில் இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது என்று வீட்டில் கண்டிப்பான உத்தரவு.)

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். யார் பேரில் நியாயம் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பா இல்லை. அம்மாவும் நானும் மாட்டுங்காவில் இரண்டு அறையில் குடியிருந்தோம். கோட்டைப் பக்கம் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் எனக்கு ஸ்டெனோ வேலை. மாவு மில் மிஷினிலிருந்து ரோடு போடும் உருளை வரை எதையெதையோ விற்ற கம்பெனி. வேலையில் ஒரு குறையும் இல்லை, டெம்பரவரி என்பதைத் தவிர. பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு வந்த பையன்களில் அந்தக் காலத்தில் இரண்டே ஜாதிதான் உண்டு. ஒன்று பர்மனெண்ட், மற்றொன்று டெம்பரவரி. இரண்டாவது ஜாதிக்காரனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

எனக்கும் அதேதான் நடந்தது. கிங்ஸ் சர்க்கிளில் இருந்த வைத்தி மாமா, ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க். அவருடைய பெண் பார்வதியைப் போய்ப் பார்த்தாயிற்று. அன்று அவள் ஒரே ஒரு தடவைதான் தலையை நிமிர்த்தினாள். அதுவும் என் முகத்தைப் பார்க்க இல்லை, என் சட்டைப் பையில் பேனா கசிந்து பெரிய நீலக் கறை பரவிக்கொண்டிருந்ததைப் பார்க்க. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது, கட்டினால் இவளைத்தான் என்று. ஆனால் வைத்தி மாமா அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பிள்ளையைப் பத்தி ஒரு குத்தமும் சொல்லறதுக்கில்லே. ஜாதகம் பக்காவா இருக்கு. ஆனா டெம்பரவரி ஆச்சே, அதாக்கும் யோசனை. கன்ஃபர்மேஷன் ஆர்டர் கையிலே வரட்டும், அன்னிக்கே நிச்சயதார்த்தம் வெச்சுக்கலாம்."

அந்த ஆர்டர் விட்லாக் துரையின் கையில் இருந்தது. துரை என்றால் இங்கிலீஷ்காரர் இல்லை, அமெரிக்கர். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "நீ ஸ்பெல்லிங் தப்பாமல் டைப் அடிப்பாயாம். என் மனைவிக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. அவளுக்குத் திருப்தியாக முடித்துக் கொடு. உன் கன்ஃபர்மேஷன் காகிதம் என் மேஜையில்தான் இருக்கிறது, அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்றார்.

மேம்சாகிபுக்கு என்ன வேலை? கேளுங்கள் இந்த அநியாயத்தை. அமெரிக்காவில் ஒரு சங்கமாம். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போய் அங்கே முதல் முதலாகக் குடியேறிய இங்கிலீஷ்காரர்களின் வம்சத்தில் வந்தவர்கள் மட்டும்தான் அதில் சேரலாமாம். 'என் முப்பாட்டன் இன்னார், இங்கிலாந்தில் இன்ன ஊர்' என்று ஒவ்வொரு தலைமுறையாக எழுதி நிரூபித்தால் சேர்த்துக்கொள்வார்கள். மிஸஸ் விட்லாக் அதற்காக வருஷக்கணக்காகக் காகிதம் சேர்த்து வைத்திருந்தாள்.

எனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. இங்கே ஊரே வெள்ளைக்காரன் எப்போது மூட்டை கட்டுவான் என்று காத்துக்கொண்டிருந்தது. மாட்டுங்காவில் கதர் போடாத பையனுக்கு மரியாதை கிடையாது. இந்த அமெரிக்கர்கள் அவனோடு சண்டை போட்டு, அடித்துத் துரத்தி, சுதந்திரம் வாங்கி எத்தனையோ காலம் ஆகிறது. துரத்தின பிறகு, 'அவன்தான் எங்கள் தாத்தா, தயவுசெய்து எழுதித் தாருங்கள்' என்று க்யூவில் நிற்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம்? (இதையெல்லாம் நான் துரையிடம் கேட்கவில்லை. "எஸ் சார்" என்று மட்டும் சொன்னேன். டெம்பரவரி.)

துரைக்கு கோல்ஃப் பைத்தியம், அதனால் செம்பூரில் பங்களா. செம்பூர் அப்போது பட்டணமே இல்லை. வயலும் தோப்பும் நடுநடுவே பங்களாவுமாக இருக்கும். குர்லாவில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். ஊர்க் குப்பையை வாரிக்கொண்டு போகிற கச்சரா வண்டியும் அந்தத் தண்டவாளத்தில்தான் போகும். அதற்கு வழிவிட்டுத்தான் எங்களை நகர்த்துவார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிய நான் அந்த வாசனையோடு மேம்சாகிபின் வரவேற்பறையில் போய் நின்றேன். அவள் நாசூக்காக ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

"உன் பெயர் என்ன?"

"ராமநாதன், மேடம்."

"ராமா நேதன்! உங்கள் குடும்பப் பெயர் நேதனா? எங்கள் வம்சத்திலும் ஒரு நேதன் இருந்தார்!"

அன்றிலிருந்து நான் மிஸ்டர் நேதன். எனக்கும் அவளுக்கும் ஏதோ ஒட்டுறவு இருக்கிற மாதிரி அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. நல்ல பெண்மணிதான், அதை மறுக்க மாட்டேன். ஒரு பெட்டி நிறையக் காகிதத்தை என் முன்னால் கொட்டி, எல்லாவற்றையும் ஒழுங்காக டைப் அடித்து, கடைசியில் ஒரு பெரிய வம்ச விருட்சப் படமும் வரைந்து தர வேண்டும் என்றாள். பிறகு இதையும் சொன்னாள். தயவுசெய்து கவனியுங்கள், என் கட்சியே இதில்தான் இருக்கிறது.

"மிஸ்டர் நேதன், இவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் பூத்துப் போய்விட்டது. தப்பு ஏதாவது தென்பட்டால் என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே. நீயே திருத்திவிடு."

சொன்னாளா இல்லையா? சொன்னாள்.

முதல் தகராறு பெயரில் வந்தது. ஜான் என்று ஒருவன். அவன் மகன் பெயரும் ஜான். அவன் மகனும் ஜான். நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்போம். அப்பா உயிரோடு குத்துக்கல்லாக இருக்கும்போது அவர் பெயரையே பிள்ளைக்கு வைத்தால், அந்த வீட்டுப் பெண்பிள்ளை குழந்தையை எப்படிக் கூப்பிடுவாள்? அவள் காலம் பூராவும் புருஷன் பெயரைச் சொல்லாமல் இருக்க வேண்டாமா? அதனால் மேம்சாகிப் ஒரே ஆளை மூன்று தடவை எழுதிவிட்டாள் என்று எண்ணி, மூன்று ஜானையும் ஒரே ஜானாக்கினேன். அந்த ஜான் நூற்றுச் சொச்சம் வருஷம் வாழ்ந்து, தள்ளாத வயதில் பிள்ளை பெற்றதாக ஆயிற்று. மேம்சாகிப் விழுந்து விழுந்து சிரித்து, மறுபடி மூன்றாக்கச் சொன்னாள்.

இரண்டாவது தகராறு தாங்க்ஃபுல். 'அவருக்குத் தாங்க்ஃபுல் என்று ஒரு மகள்' என்றிருந்தது. தாங்க்ஃபுல் என்றால் நன்றியுள்ளவர் என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா? 'ஒரு மகள் பிறந்ததற்கு அவர் நன்றியுள்ளவராக இருந்தார்' என்று அழகான இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தேன். பார்த்தால் அதுதான் அந்தப் பெண்ணின் பெயராம்! நன்றியம்மாள்! இப்படிப் பெயர் வைத்துக்கொள்கிறவர்கள் என் பெயரை நேதன் ஆக்குகிறார்கள். அதற்கும் சிரித்தாள். "இனிமேல் எங்கள் குடும்பம் என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கன்ஃபர்மேஷன் ஆர்டரைக் கையில் பிடித்துக்கொண்டு வைத்தி மாமா வீட்டுப் படி ஏறுகிற மாதிரி நினைத்துக்கொண்டே ரயிலேறினேன்.

அப்புறம்தான் மெர்சி வந்தாள்.

கப்பலேறிப் போன மூலபுருஷன் எட்மண்ட் தார்ன்பி. அவன் மகன் சாமுவேல் தார்ன்பி. சாமுவேலின் ஒரே மகள் மெர்சி தார்ன்பி. இவள் வழியாகத்தான் வம்சம் இறங்கி மிஸஸ் விட்லாக் வரைக்கும் வருகிறது. சரி, இந்த மெர்சியை யாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள் என்று அடுத்த வரியைப் பார்த்தேன். ஜோஸையா தார்ன்பி.

எனக்கு வியர்த்துவிட்டது. அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிற குடும்பப் பெயர் என்றால் அது கோத்திரம்தானே, வேறென்ன? பெண் தார்ன்பி, பிள்ளையும் தார்ன்பி. அண்ணன் தங்கை முறை! போய்க் கல்யாணமும் செய்துகொண்டு ஏழு குழந்தைகளும் பெற்றிருக்கிறார்கள். சங்கத்தில் நாலு பெரியவர்கள் இந்தப் படத்தைப் பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும்? சேர்த்துக்கொள்வார்களா? அந்த நல்ல மேம்சாகிப் சபையில் தலை குனிந்து நிற்பாளே! அவளிடமே போய், 'அம்மா, உங்கள் பாட்டி சகோத்திரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்' என்று ஓர் ஆண்பிள்ளை எப்படிச் சொல்வது? கேட்டுக்கொண்டிருக்காதே, திருத்திவிடு என்று வேறு சொல்லியிருக்கிறாள்.

எங்கள் குடும்பத்து சாம்பு வாத்தியார் கிங்ஸ் சர்க்கிள் காய்கறிக் கடையில் வாழைக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்தேன்.

"மாமா, பொண்ணும் பிள்ளையும் ஒரே கோத்ரமா இருந்தா ஏதாவது வழி உண்டோ?"

வாழைக்காய் திரும்பக் கூடைக்குள் விழுந்தது.

"யாருக்குடா ராமு?"

"தெரிஞ்சவாளுக்கு."

"கல்யாணம் ஆகப்போறதா, ஆயிடுத்தா?"

"ஆயிடுத்து. ஏழு குழந்தைகள்கூடப் பொறந்துடுத்து."

"சிவ சிவா!" என்று காதைப் பொத்திக்கொண்டார். கேட்கக் கூடாததைக் கேட்ட பிறகும் அவர் அங்கேயே நின்றார், முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டாமா? "கல்யாணத்துக்கு முன்னாடியானா வழியுண்டு. பொண்ணை அவ அம்மான் ஆத்துக்குத் தத்துக் குடுத்துடறது. தத்துப் போயிட்டா பொறந்தாத்துக் கோத்ரம் போயிடுத்து, அம்மான் கோத்ரமாக்கும் அவளுக்கு. ஆனா முன்னாடின்னா பண்ணணும்!"

"முன்னாடியே பண்ணினதா எழுதிட்டா?"

"எழுதறதாவது! எங்கேடா எழுதறே? ஏண்டா, நோக்கு வேறே எங்கேயாவது..."

நான் அதற்குள் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

மெர்சிக்கு மாமா யார்? அம்மா வழிச் சொந்தம் பற்றிக் காகிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பக்கத்தில் தார்ன்பி அல்லாத ஒரே பெயர் ஹார்டிங். அடுத்த நிலத்துக்காரன். அவன் தன் பன்றியைத் திருடிவிட்டதாக சாமுவேல் கோர்ட்டில் பிராது கொடுக்க, ஹார்டிங்கின் காலை மரச்சட்டத்தில் பூட்டி நடுத்தெருவில் உட்கார வைத்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு பன்றிக்காக ஒருத்தனை ஊர் சிரிக்கக் கோர்ட்டுக்கு இழுக்கிறான் என்றால் அவன் மச்சினனாகத்தான் இருக்க முடியும். அந்நியனோடு யாராவது இத்தனை பாடுபட்டுச் சண்டை போடுவானா?

மெர்சியை அவள் மாமா ஹார்டிங்குக்குத் தத்துக் கொடுத்தேன். ரூல்தடி வைத்து, கறுப்பு மையில் கோடு போட்டு, சாமுவேலின் கீழிருந்த அவளுடைய கட்டத்தை ஹார்டிங்கின் கீழே கொண்டுவந்து சேர்த்தேன். 'மெர்சி ஹார்டிங், மாமனுக்கு சுவீகாரம் போனவள்' என்று இங்கிலீஷில் எழுதினேன். ஹார்டிங் கட்டத்தில் பன்றி விவகாரத்தையும் சின்ன எழுத்தில் குறித்தேன். ஆதாரத்தில் இருப்பதை மறைப்பது எனக்குப் பிடிக்காது. படம் முடிந்ததும் பார்த்தேன். தோஷம் இல்லாத, முறையான, சுத்தமான குடும்பம். எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தச் சங்கத்தின் காரியதரிசியம்மாள் உலகப் பிரயாணத்தில் பம்பாய் வழியாகப் போவதால், அவளுக்கு மேம்சாகிப் செம்பூர் பங்களாவில் டீ பார்ட்டி வைத்தாள். கப்பல் சொன்னதற்கு முன்பே வந்துவிட்டது. அதனால் நான் படத்தைச் சுருட்டி ரிப்பன் கட்டி, பார்ட்டி அன்றுதான் நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேம்சாகிபுக்குப் பிரித்துப் பார்க்க நேரமில்லை. புல்தரையில் வெள்ளைக்காரப் பெண்கள் தொப்பி தொப்பியாக உட்கார்ந்திருந்தார்கள். படத்தின் ஒரு முனையைப் பட்லரும் மறு முனையை நானும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று உத்தரவு. துரை ஓரமாக நின்று எனக்குக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடியில் என் கன்ஃபர்மேஷன் ஆர்டர் தெரிந்தது. (எனக்குத் தெரிந்தது.)

காரியதரிசியம்மாளுக்கு வயது எழுபதுக்குக் குறையாது. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தாள். விரலை வைத்துக் கீழேயிருந்து மேலே படித்துக்கொண்டு போனாள்.

"அமீலியா விட்லாக்... ஜான்... ஜான்... ஜான். அற்புதம்! மெர்சி... ஹார்டிங்?" விரல் நின்றது. "ஹார்டிங், பன்றி திருடியதற்காகக் கட்டையில் பூட்டப்பட்டவர். அமீலியா, நீ எட்மண்ட் தார்ன்பி வம்சம் என்றல்லவா எழுதியிருந்தாய்?"

பட்லர் தன் முனையை விட்டுவிட்டான். படம் சுருண்டு வந்து என் முகத்தில் அடித்தது.

அப்போது துரை சிரித்தார். அந்த மாதிரிச் சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "பன்றித் திருடனா! உன் அம்மாவைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குச் சந்தேகம்தான்!" என்றார்.

"மிஸ்டர் நேதன்!" என்று மேம்சாகிப் கத்தினாள். "மெர்சியை என்ன செய்தாய்?"

"தத்துக் கொடுத்தேன், மேடம்."

"எதற்கு?"

இனி மறைத்துப் பயனில்லை. நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வருத்தத்தோடு, முடிந்த மட்டும் குரலைத் தாழ்த்தி, "இரண்டு பேரும் தார்ன்பி. அண்ணன் தங்கை முறை. எங்கள் ஊரில் இது மகா பாவம். நீங்கள் அவமானப்படக் கூடாது என்றுதான்" என்றேன்.

"ஜோஸையா வேறே தார்ன்பி! எப்போதோ ஏழு தலைமுறைக்கு முந்தின உறவு!"

"ஏழில்லை, எழுபது தலைமுறையானாலும் கோத்திரம் ஒன்றுதானே, மேடம்?"

காரியதரிசியம்மாளுக்கு இதில் சுவாரஸ்யம் பிறந்துவிட்டது. கண்ணாடியை என் பக்கம் திருப்பினாள். "அப்படியானால் உங்கள் ஊரில் சொந்தத்தில் கல்யாணமே கிடையாதா?"

"ஏன் இல்லாமல்? மாமா பெண்ணைத் தாராளமாகக் கட்டிக்கொள்ளலாம். அது முறை."

"மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவரா? சொந்த மாமாவின் பெண்ணையா?" தொப்பிகள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒருத்தி டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். யாரைப் பார்த்து யார் முகம் சுளிப்பது? ஏழு தலைமுறைப் பங்காளியைக் கட்டிக்கொண்டவர்கள், மாமா பெண்ணைக் கட்டிக்கொள்கிற மனிதனைப் பார்த்துச் சுளிக்கிறார்கள்! எனக்கு வந்த ஆத்திரத்தில், "மாமா பெண் வேறே கோத்திரம், மேடம்! வேறே கோத்திரம்!" என்று படத்தை ஆட்டிக்கொண்டே கூவினேன். அதுதான் நான் அந்தப் பங்களாவில் கடைசியாகப் பேசிய வார்த்தை.

துரை என்னைத் தோளில் கை போட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தார். அப்போதும் அவருக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

"ராமநாதன், நீ திங்கட்கிழமை வர வேண்டாம். எனக்கு உன் மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் நான் இந்த வீட்டில்தான் தினமும் சாப்பிட்டாக வேண்டும்."

சிரித்தவர் அவர். வேலை போனது எனக்கு. இதைவிட அநியாயம் உண்டா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று புரியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது வைத்தி மாமா வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு வேலை போன சங்கதி அதற்குள் எப்படி எட்டியது என்று திகைத்தேன். ஆனால் அவர் வந்தது அதற்காக இல்லை.

"ஏண்டா, ஒரே கோத்ரத்திலே கல்யாணம் பண்ணிண்டு, ஏழு குழந்தையும் பெத்துண்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி எம் பொண்ணைப் பார்க்க வந்தயோ?"

அம்மா கையிலிருந்த டவரா கீழே விழுந்தது.

"மாமா, யார் சொன்னா?"

"சாம்பு வாத்தியார் சொன்னார்! காய்கறிக் கடையிலே வெச்சு நீயே கேட்டயாமே, பொய் எழுத வழியுண்டோன்னு!"

"நேக்கு இருபத்து மூணு வயசு மாமா! ஏழு குழந்தை எப்படிப் பெத்துக்கறது?"

"அதாக்கும் நானும் கேட்டேன்" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. "ரெட்டையும் கிட்டையுமா இருக்கும்னார்."

வேறு வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எட்மண்ட் தார்ன்பியிலிருந்து ஆரம்பித்து பன்றி வரைக்கும், பன்றியிலிருந்து துரையின் சிரிப்பு வரைக்கும். வைத்தி மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா அழ ஆரம்பித்தாள், ஆனால் எதற்காக அழுகிறாள் என்று தீர்மானிக்க முடியவில்லை. ஏழு குழந்தைகள் இல்லை என்பதாலா, வேலை போய்விட்டது என்பதாலா?

"அப்போ வேலை?" என்றார் வைத்தி மாமா.

"போயிடுத்து."

"எவளோ ஒரு வெள்ளைக்காரி, செத்து இருநூத்தம்பது வருஷம் ஆனவ, அவளுக்குக் கோத்ர தோஷம் வரப்படாதுன்னு நோக்கு வேலை போயிடுத்து?"

"ஆமாம் மாமா."

மாமா எழுந்து போய்விட்டார். கதை முடிந்தது என்று நினைத்தேன். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மேம்சாகிப் மேல், வாத்தியார் மேல், அந்த ஜோஸையா மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊரில் வேறு பெண்ணே கிடைக்கவில்லையா அந்தக் கடங்காரனுக்கு? பார்வதியை இனிமேல் கடைத்தெருவில் பார்த்தாலும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டுதான் போக வேண்டும்.

சாயங்காலம் வைத்தி மாமா திரும்பி வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றினார்.

"பர்மனெண்ட் உத்யோகம் இன்னிக்கில்லேன்னா நாளைக்குக் கிடைக்கும். சாஸ்திரத்துக்காக உத்யோகத்தை உதறின பிள்ளை கிடைக்க மாட்டான். தை மாசம் வெச்சுக்கலாம்" என்றார்.

நான் உதறவில்லை, என்னைத்தான் உதறினார்கள் என்று வாய் வரைக்கும் வந்தது. அம்மா என் காலை மிதித்தாள்.

தையில் கல்யாணம் நடந்தது. அதற்குள் ஒரு குஜராத்தி முதலாளியிடம் வேலையும் கிடைத்துவிட்டது. நல்ல மனிதர், தாத்தா பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. என் சாஸ்திர சிரத்தையைப் பார்த்துத்தான் மாமனார் பெண் கொடுத்தார் என்று பல வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு நாள் பார்வதியே போட்டு உடைத்தாள்.

"அப்பா ஒண்ணும் சாஸ்திரத்துக்காகச் சம்மதிக்கலே. ஆத்துக்கு வந்து, அந்தப் பிள்ளைக்கு மூளை சரியில்லை, வேண்டாம்னுட்டு நடந்ததைச் சொன்னா. நான் கேட்டுட்டு சிரிச்சேன் பாருங்கோ, ரசம் பொங்கி வழியறதுகூடத் தெரியலே. 'எனக்கு இவர்தான் வேணும், இவராத்துலே இருந்தா ஆயுசுக்கும் பொழுது போகும்'னு சொல்லிட்டேன். அப்பறமாக்கும் அப்பா சாஸ்திரத்தைத் தேடிப் பிடிச்சா."

ஆக, என்னைக் கட்டிக்கொண்டது வேடிக்கை பார்க்க! இதைக் கேட்டு நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் அவள் சமைத்த மோர்க்குழம்புக்காகப் பேச வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஒரு பழமொழி. பக்கத்து வீட்டுக்காரர் சண்டையை நான் தீர்த்து வைக்கப் போனால், கல்யாணப் பத்திரிகையில் நான் பிழை திருத்தினால், "மெர்சிக்கு மாமா ஆத்தைப் பார்த்தாச்சா?" என்பார்கள். என் பெண் கேட்பாள், மாப்பிள்ளை கேட்பார், செம்பூரில் இருக்கிற சம்பந்திகூடக் கேட்டுவிட்டார். எல்லாம் பொறுத்துப் போகக் கூடியதுதான். பொறுக்க முடியாதது பார்வதி கதை சொல்கிற விதம். தடவைக்குத் தடவை அதில் ஏதாவது மாறும். முதலில் ஏழு குழந்தைகள் பத்தாயின. பிறகு துரை என்னைத் துப்பாக்கியோடு துரத்தினார். நான் குறுக்கே புகுந்து திருத்தினால், "பாரு, பாரு, தாத்தா மறுபடி தத்துக் குடுக்கறார்" என்று அடக்கிவிடுவாள்.

போன தீபாவளிக்குப் பேரன் வந்திருந்தான். தமிழ் எழுதப் படிக்க வராது, பேச மட்டும் வரும், அதிலும் பாதி இந்தி. பாட்டியிடம் ரொம்ப நேரம் கதை கேட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகத்தில் அப்படி ஒரு மரியாதை.

"தாத்தா, சச் போலோ. நீங்க நிஜமாவே பன்னி திருடி, உங்க காலை ரோடுலே பூட்டி வெச்சாளா?"

நான் எழுந்துவிட்டேன். "பார்வதி! குழந்தை என்ன கேக்கறான் பார்! அது ஹார்டிங்! ஹார்டிங்குன்னு சொல்லு!"

அவள் சமையலறையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆமாண்டா கண்ணா" என்றாள். "ஆனா கல்யாணத்துக்கப்பறம் தாத்தா திருடறதே இல்லே."